சங்கத்துக் கம்ப்யூட்டர் தளம் மாறிய கதை

கொக்கரப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் மாமனார் வீடு அங்கே இருக்கிறது. அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். "தண்ணியைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், தொட்டி நிரம்பி வழிந்து வாசல் தாண்டி ரோட்டுக்கு வரும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வந்து திட்டினால், "முழுசாப் பாத்தனுங்களே" என்பார்கள்.

அந்த ஊரில் வெள்ளாடு வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. தலைவர் செங்கோடன். செயலாளர் நாச்சிமுத்து, ஒற்றை விரலால் டைப் அடிக்கத் தெரிந்தவர் என்பதால் செயலாளர் ஆனவர். துணைத் தலைவி பாவாத்தாள், பதினெட்டு ஆடுகளுக்குச் சொந்தக்காரி. உறுப்பினர் குப்பணன். உறுப்பினர்கள் இன்னும் நாற்பது பேர் உண்டு, ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர் குப்பணன் ஒருத்தர்தான்.

இந்த நாலு பேருக்கும் அந்த வாரம் ஒரு பெரிய கவலை வந்து சேர்ந்தது. ஊர் கால்நடை மருத்துவமனை டாக்டர் ஹெப்சிபாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அடுத்த புதன்கிழமை கிளம்ப வேண்டுமாம். அவருக்கு முன்னால் இருந்த டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார், ஆட்டை ஜீப்புக்குள் இருந்தபடியே பார்ப்பார். ஹெப்சிபா அப்படியில்லை. பாவாத்தாளின் செவலை ஆடு பிளாஸ்டிக் கயிற்றை முழுங்கிவிட்டு வயிறு வீங்கிக் கிடந்தபோது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிற்றைக் கிழித்து, மூன்று முழம் கயிற்றை உருவி எடுத்துத் தைத்து அனுப்பியவர். அந்தக் கயிற்றை பாவாத்தாள் கழுவிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

மாற்றக் கூடாது என்று கலெக்டருக்கு ஒரு மனு கையால் எழுதி அனுப்பினார்கள். நாச்சிமுத்துவின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அலுவலகத்தில் யாரோ கஷ்டப்பட்டுப் படித்து, கஷ்டப்பட்டுப் பதில் போட்டார்கள்: 'மருத்துவர் கால்நடையாகவே வந்து போவதாகத் தெரிவித்துள்ளீர்கள். அவருக்குப் பேருந்து வசதி செய்துதரப் போக்குவரத்துத் துறையை அணுகவும்.'

"இனி டைப் அடிச்ச மனுதான்" என்றார் செங்கோடன். "திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள். நேராப் போய்க் கலெக்டரம்மா கையில குடுக்கிறோம்."

சங்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. அதில் கடிதம் அடிப்பதற்கு 'ஏடு' என்று ஒரு மென்பொருள் வாங்கினார்கள். பிறகு அதன் புதுப் பதிப்பு வந்தபோது, பழையதை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பாதி விலை என்றார்கள். அதற்குப் பெயர் மேம்பாட்டு உரிமம். அதையும் வாங்கினார்கள். ஆக, பழைய வட்டு ஒன்று, புது வட்டு ஒன்று, விளக்கப் புத்தகம் ஒன்று. எல்லாம் பத்திரமாக இருந்தன. கம்ப்யூட்டர்தான் போன மாதம் நின்றுபோயிற்று.

தாராபுரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். அரை நாள் உட்கார்ந்தார். போகும்போது சொன்னார்: "பழைய இயங்குதளம் செத்துப்போச்சுங்க. புதுத் தளத்துக்கு மாத்தியாச்சு. பழசுல இருந்தது எதுவும் இப்ப இல்லை. ஏடு மென்பொருளை நீங்களே மறுபடியும் போட்டுக்கணும். உங்க புது வட்டு பாதி விலை வட்டு. பழைய வட்டைக் காட்டினாத்தான் அது உங்களை நம்பும். புத்தகத்துல எல்லாம் இருக்கு, அது சொல்றபடி செய்யுங்க." பஸ் வந்துவிட்டது, போய்விட்டார்.

சொன்னபடி செய்யுங்கள் என்று அந்த ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்லலாமா?

வெள்ளிக்கிழமை காலை நாச்சிமுத்து புத்தகத்தின் முதல் வரியைப் படித்தார். 'புதிய தளத்துக்கு மாறியவர்கள் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டும்.'

செங்கோடன் நாலு பக்கமும் பார்த்தார். "நாம எங்க மாறினோம்? இன்னும் கீழ்த்தளத்துலதான உக்காந்திருக்கோம்?"

"ஆமாங்க தலைவரே. மாடிக்குப் போகணும்போல."

"மாடியும் தளம்தான். ஆனா இயங்குதளம்னு சொன்னாருல்ல? மாடியில என்ன இயங்குது?" என்றாள் பாவாத்தாள்.

"மின்விசிறி இருக்குதக்கா."

"அது சுத்தாது."

"அப்ப இயங்காத தளம்" என்றார் செங்கோடன். இதைப் பற்றி முக்கால் மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில், மாடிக்கே போய்விடுவது, ஏதாவது ஒன்று இயங்கினால் போதும் என்பதால் வேலை முடியும்வரை குப்பணன் அறையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பது என்று முடிவாயிற்று. நாலு பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறினார்கள். குப்பணன் நடக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வரி: 'சுத்தமாக நிறுவவும்.'

இதில் விவாதத்துக்கே இடமில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, வெளுத்த துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். பாவாத்தாள் இரண்டு வட்டுகளையும் சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, முந்தானையில் துடைத்து எடுத்து வந்தாள். குப்பணன் மட்டும் குளிக்கப் போகிற வழியெல்லாம், குளிக்கிறபோதும், நடந்துகொண்டே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வரி: 'தொடங்கும் முன் திறந்திருப்பவை அனைத்தையும் மூடவும்.'

ஜன்னல்களை மூடினார்கள். கதவை மூடினார்கள். பீரோவை, டீ கொண்டுவரும் தூக்குப் போசியை, ஊறுகாய் ஜாடியை மூடினார்கள். ஒரு ஜன்னலுக்குக் கதவே கிடையாது; அதில் சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்து அடைத்தார்கள். 'அனைத்தையும்' என்று போட்டிருக்கிறதே என்று செங்கோடன் கீழே இறங்கிப் போய், எதிரில் இருந்த பேக்கரியையும் மூடச் சொன்னார். பேக்கரிக்காரரும் கொக்கரப்பாளையத்துக்காரர்தான். சங்கத் தலைவரே சொல்கிறார் என்று ஷட்டரை இழுத்து மூடினார். உள்ளே பன் வாங்க வந்த மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

மாடியில் புழுக்கம் தாங்கவில்லை. நாச்சிமுத்து வியர்வையைத் துடைத்துவிட்டுப் புது வட்டைப் போட்டார். திரையில் நீளமாக என்னவோ வந்து, கீழே இரண்டு கட்டம் நின்றன. 'நான் ஒப்புக்கொள்கிறேன்.' 'நான் ஒப்புக்கொள்ளவில்லை.'

"எதை ஒப்புக்கணுமாம்?" என்றார் செங்கோடன்.

"மேல முப்பது பக்கம் இருக்குதுங்க."

"சங்கத்துக்கு முப்பது பக்கத்தை ஒப்புக்கணும்னா தீர்மானம் போடணும். படி."

நாச்சிமுத்து படித்தார். பாவாத்தாள் நாலாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். அவள் வாய் திறந்திருப்பதைக் கவனித்த குப்பணன் நடந்து போகிற போக்கில் அதை மூடிவிட்டுப் போனார். முப்பதாம் பக்கம் முடிந்ததும் செங்கோடன் தொண்டையைச் செருமினார்.

"எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

"சம்மதமுங்க."

"ஒரு மனசாச் சம்மதம். ஆனா பாருங்க, அதுல 'நான்'னு போட்டிருக்கு. நாம நாலு பேரு. 'நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்'னு கட்டம் இல்லையே?"

இல்லைதான். ஆளுக்கு ஒரு தடவை அமுக்குவது என்று தீர்மானித்தார்கள். செங்கோடன் அமுக்கியதும் அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. மற்ற மூன்று பேர் ஒப்புக்கொள்வதற்காக மறுபடியும் முதலிலிருந்து மூன்று தடவை ஆரம்பித்தார்கள். முப்பது பக்கத்தையும் மூன்று தடவை படித்தார்கள். வெள்ளிக்கிழமை அதோடு முடிந்தது.

சனிக்கிழமை காலையில் திரை புதிதாக ஒன்று கேட்டது. 'இது மேம்பாட்டு உரிமம். முந்தைய பதிப்பு தங்களிடம் இருப்பதற்கான சான்றைக் காட்டவும்.'

மெக்கானிக் சொன்னது இதைத்தான். செங்கோடன் பழைய வட்டை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டினார். திரையில் மாற்றமில்லை. திருப்பிக் காட்டினார். கிட்டத்தில் காட்டினார். "வெளிச்சம் பத்தலையோ என்னமோ" என்று பாவாத்தாள் டார்ச் அடித்தாள். "நல்லாப் பாத்துக்க சாமி, காசு குடுத்து வாங்கினது, திருடலை" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்ததில் கை வலி கண்டதுதான் மிச்சம்.

நாச்சிமுத்து புத்தகத்தைப் புரட்டினார். அதில் இப்படி இருந்தது: 'நம்ப மறுத்தால், முதலில் பழைய பதிப்பை இட்டு, அதன் மேல் புதிய பதிப்பை இடவும்.'

"அதானே பாத்தேன்!" என்றார் செங்கோடன். உள்ளே இருந்த புது வட்டை எடுத்தார்கள். தட்டில் பழைய வட்டை வைத்தார்கள். அதன் மேல் புது வட்டை வைத்தார்கள். தட்டை உள்ளே தள்ளினார்கள். உள்ளேயிருந்து, கரும்பு ஆலையில் கல் மாட்டிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமும் நின்றது, தட்டும் வெளியே வரவில்லை.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குப்பணன் நடந்தபடியே பார்த்தார். பாவாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "திங்கக்கிழமைக்குள்ள ஆகுமாடா நாச்சிமுத்து? புதன்கிழமை அந்தம்மா போயிருமே. எஞ்செவலை மறுபடி கயிறு தின்னா நான் யாருகிட்ட ஓடுவேன்?"

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உதவி எண் இருந்தது. நாச்சிமுத்து போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். சுகிர்தா என்ற பெண் பேசினாள். நல்ல பெண், குரல் கற்கண்டு மாதிரி இருந்தது. இதைச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் போகப் போக அது அப்படி இருக்கவில்லை.

முதலில், ஊக்கு நுனியால் தட்டை எப்படி வெளியே எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். அது நடந்தது. அதில் தைரியம் வந்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், இப்ப திரையில கம்ப்யூட்டர் படம் ஒண்ணு இருக்கும். அதுமேல ரெண்டு தடவை சொடுக்குங்க" என்றாள்.

நாச்சிமுத்து படத்துக்கு நேராகக் கையை நீட்டி, விரலால் இரண்டு சொடுக்குப் போட்டார்.

"ஆச்சுங்களா?"

"போட்டாச்சுங்க. ஒண்ணும் வரலை."

"வேகமாச் சொடுக்குங்க சார்."

வேகமாகப் போட்டார். செங்கோடன் போட்டுப் பார்த்தார். "எங்களுக்கு வயசாச்சு, சத்தம் வரலீங்க. குப்பணன் நல்லாப் போடுவான், இருங்க" என்று குப்பணனைக் கூப்பிட்டார். குப்பணன் ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்யூட்டரைக் கடக்கும்போது இரண்டு சொடுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

"சரி, அதை விடுங்க" என்றாள் சுகிர்தா. "உங்க சாவியைச் சொல்லுங்க."

"எந்தச் சாவிங்க? பட்டிச் சாவியா, பீரோச் சாவியா?"

"வட்டு உறைமேல ஒட்டியிருக்கும் பாருங்க, அந்தச் சாவி."

"ஒட்டி வெச்சிருந்தா எப்படிங்கம்மா திறக்கிறது?" என்று நாச்சிமுத்து நியாயமாகத்தான் கேட்டார்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கம்ப்யூட்டரை ஒரு தடவை மறுதொடக்கம் பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

மறுதொடக்கம்! செங்கோடன் எழுந்து நின்றுவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தவர் முன்னாள் ஒன்றியத் தலைவர் ராக்கியப்பன். அவரையே போய் அழைத்து வந்தார்கள். வாழைமரம் கிடைக்கவில்லை; மாவிலை கட்டினார்கள். ராக்கியப்பன் ரிப்பன் வெட்டி, நாற்பது நிமிஷம் பேசினார். பேச்சில் ஆடுகளைப் பற்றியும் கம்ப்யூட்டரைப் பற்றியும் ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல பேச்சு. பாவாத்தாள் எல்லாருக்கும் கடலை உருண்டை கொடுத்தாள்.

"மறுதொடக்கம் சிறப்பா முடிஞ்சுதுங்க" என்று சுகிர்தாவிடம் சொன்னார்கள்.

"இப்பத் திரையில என்ன தெரியுது?"

"முன்ன இருந்ததேதாங்க. மேல மாவிலை."

"இன்னொரு தடவை மறுதொடக்கம் பண்ணுங்க" என்றாள்.

சனிக்கிழமை மட்டும் ராக்கியப்பன் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை, கூப்பிடப் போவதற்குள் அவரே கத்தரிக்கோலோடு படியேறிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுகிர்தா ஒரு முடிவோடு பேசினாள். "சார், நான் சொல்றதைக் கேளுங்க. இங்க இருந்தே நான் ஏதாவது பண்ண முடியுமான்னு பாக்கிறேன். நீங்க எதையும் தொடாதீங்க. எதையுமே தொடாதீங்க. புரியுதுங்களா?"

"புரியுதுங்க" என்றார் நாச்சிமுத்து. அன்றைக்குப் போன் அவர் கையில் இருந்தது. உடனே விட்டுவிட்டார். அது தரையில் விழுந்து இணைப்பு அறுந்தது. நாலு பேரும் கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். நாற்காலியையும் தொடக் கூடாதே என்று உட்காரவில்லை.

போன் அடித்தது.

"அந்தப் பொண்ணுதான்" என்றார் செங்கோடன்.

"எடுக்கட்டுங்களா?"

"எதையுமே தொடாதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லிச்சு."

"அவளே போன் பண்றாளே?" என்றாள் பாவாத்தாள்.

"நாம தொடறமான்னு சோதிக்கிறா, பாவாத்தா."

பதினோரு தடவை போன் அடித்து அடித்து நின்றது. பன்னிரண்டாவது தடவை அடிக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஹெப்சிபா உள்ளே வந்தார். ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் மிச்சமிருந்த ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்துவிடலாம் என்று கிளம்பியவர், சங்கத்து மாடியில் போன் ஓயாமல் அடிப்பதைக் கேட்டு ஏறி வந்தார். மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும், நாலாவது ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நடப்பதையும் பார்த்தார். கால்நடை மருத்துவத்தில் எத்தனையோ பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்தார்.

"ஹலோ."

"மேடம்... நீங்க அந்த ஊருங்களா?" என்றாள் சுகிர்தா. குரலில் கற்கண்டு மிச்சமில்லை.

"இல்லை. எனக்கு நாகர்கோயில்."

"அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு வந்தது.

பதினைந்து நிமிஷம்தான். கம்ப்யூட்டரை ரிப்பன் இல்லாமலே அணைத்து முடுக்கினார். பழைய வட்டைத் தனியாகப் போட்டு, கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்ததும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். உறைமேல் 'சாவி' என்று ஒட்டியிருந்த இருபத்தைந்து எழுத்தை அடித்தார். ஏடு திறந்தது. வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. "கையை இறக்குங்க" என்றார் டாக்டர், அப்போதுதான் இறக்கினார்கள்.

"என்ன அடிக்கணும், சொல்லுங்க. நானே அடிச்சுத் தாரேன்."

செங்கோடன் சொல்லச் சொல்ல, பாவாத்தாள் கொண்டுவந்த டீயைக் குடித்தபடி டாக்டர் அடித்தார். "கலெக்டரம்மா அவர்களுக்கு வணக்கம். எங்க டாக்டரம்மா ஹெப்சிபாவை மாத்தாதீங்க..."

டாக்டரின் விரல் நின்றது. அவர் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

"அந்தம்மா தொட்டா ஆடு கத்தாது" என்றாள் பாவாத்தாள். "வேற ஆள் வந்து தொட்டா ஆடு கத்தும். ஆடு கத்தினா நாங்களும் கத்துவோம். இதையும் போடுங்க."

டாக்டர் அதையும் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் தூசி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பக்கத்து ஊரில் எருமைக்குக் கன்று தலை திரும்பிக் கிடக்கிறதாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படியில் இருந்து சொன்னார்: "எல்லாம் முடிஞ்சது. இதை அப்படியே கொண்டுபோய்க் கலெக்டர்கிட்ட குடுத்திருங்க!"

அப்படியே.

"அப்படியேன்னா, மேசையோடவா?" என்றார் குப்பணன். மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"மேசையில இருக்குது, மேசையோடதான்" என்றார் செங்கோடன்.

"டாக்டரம்மா பாதி குடிச்ச டீ டம்ளர் இருக்குதுங்களே?"

"அப்படியேன்னா அப்படியேதான்."

திங்கள்கிழமை காலை ஆடு ஏற்றுகிற வண்டியில் மேசை, அதன் மேல் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் டம்ளர் எல்லாம் கலெக்டர் அலுவலகம் போய்ச் சேர்ந்தன. பாவாத்தாள் வழி நெடுக டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். மனுப் பதிவு செய்கிற மேசையில் இருந்தவர் இருபத்தாறு வருஷ அனுபவசாலி. நிமிர்ந்து பார்த்தார். திரையின் நெற்றியில் நானூற்றுப் பதினேழு என்று எண் ஒட்டினார். பதிவேட்டில் எழுதினார்: 'மனு ஒன்று. இணைப்பு: மேசை, தேநீர்.'

கலெக்டரம்மா கறுத்த திரையைப் பார்த்தார். "மனு எங்கே?"

"உள்ள இருக்குங்கம்மா."

"உள்ளே என்றால்?"

"அதாங்க எங்களுக்கும் தெரியலை. டாக்டரம்மா உள்ள வெச்சாங்க."

யாரோ ஒயரை மாட்டிக் கொடுத்தார்கள். யாரோ திறந்து கொடுத்தார்கள். கலெக்டரம்மா படித்தார். 'நாங்களும் கத்துவோம்' என்ற இடத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "போய் வாங்க, பார்க்கிறேன்" என்றார். நல்ல வேளையாக, எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே இடமாற்றத்தை நிறுத்தி வைத்ததாகச் செய்தி வந்துவிட்டது. டாக்டர் கட்டி வைத்த பெட்டிகளை நாலு பேரும் போய்ப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அரசாங்க ஜீப்பில் கம்ப்யூட்டரும் மேசையும் கழுவிய டம்ளரும் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம்: 'மூல மனு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. அலுவலகக் கோப்புக்காக இதன் நகல்கள் இரண்டை உடனே அனுப்பி வைக்கவும்.'

மறுநாள் செங்கோடனும் நாச்சிமுத்துவும் தாராபுரம் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், இதே மாதிரி இரண்டு வேண்டும் என்றார்கள். கடைக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நகல்தானுங்க கேட்டிருக்காங்க? அதுக்கு எதுக்குப் புதுசு? ஒரு ஜெராக்ஸ் எடுத்தாப் போதுமே!"

செங்கோடன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஏனுங்க, அது எங்களுக்குத் தெரியாதா? நேத்தே ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போய்ட்டுத்தான் வர்றோம். கம்ப்யூட்டரை வெச்சா மெசின் மூடி மூட மாட்டேங்குது. மூடிமேல குப்பணனை ஏறி உக்காரச் சொல்லியும் பாத்தாச்சு. மூணு பக்கம் வந்துச்சு, மூணுலயும் உள்ள தொங்கின குப்பணனோட வேட்டிதான் விழுந்திருக்குது."

நாச்சிமுத்து மஞ்சப் பையிலிருந்து மூன்று தாளையும் எடுத்துக் காட்டினார்.